எம்1 காரண்ட் எங்கே கிடைக்கிறது: ஓர் அமெரிக்க உபரித் துப்பாக்கியின் விற்பனை வழிகள்

1959-இல், அப்போது செனட்டராக இருந்த ஜான் எஃப். கென்னடி, குடிமக்களின் துப்பாக்கிப் பயிற்சிக்காக அமெரிக்கத் தரைப்படை நடத்திவந்த அலுவலகத்தின் மூலம் ஓர் எம்1 காரண்ட் ரைஃபிளை விலை கொடுத்து வாங்கினார். அதே துப்பாக்கியை 2015-இல் ராக் ஐலண்ட் ஏல நிறுவனம் 1,49,500 டாலருக்கு விற்றது. அதை முதலில் வாங்கியவர் யார், எந்த அலுவலகம் அதை அவருக்கு அனுப்பியது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் காகிதங்கள் கூடவே இருந்ததால்தான் அந்த விலை கிடைத்தது. காகிதம் இல்லாமல் அதே துப்பாக்கி சந்தைக்கு வந்திருந்தால், நல்ல நிலையில் உள்ள பழைய காரண்டுகளில் அதுவும் ஒன்றாகவே போயிருக்கும்.

படைத்துறை உபரித் துப்பாக்கியை எங்கே வாங்கலாம் என்று கேட்கும் புதிய சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் எங்கே மலிவு என்பதை மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். விலை முக்கியம்தான். ஆனால் நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதுபோல, இந்தத் துப்பாக்கி படையின் கிடங்கை விட்டு எப்போது வெளியேறியது, இடையில் எத்தனை கைகள் மாறியது, எந்தக் கையில் அதன் உறுப்புகள் மாற்றப்பட்டன என்பதை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் எம்1 காரண்டை வாங்குவதற்கு இருக்கும் ஒவ்வொரு வழியும் இந்தக் கேள்விகளுக்கு வெவ்வேறு அளவில் விடை தருகிறது. அதனால் வழிகளை விலைவாசியை மட்டும் வைத்து ஒப்பிடாமல், அவை உருவான வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் துப்பாக்கியைப் பற்றிச் சில செய்திகள். கனடாவின் கியூபெக்கில் 1888-இல் பிறந்த ஜான் காரண்ட், மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலையில் பல ஆண்டுகள் உழைத்து இதை வடிவமைத்தார். 1936-இல் தரைப்படை இதை ஏற்றுக்கொண்டது. எட்டுத் தோட்டாக்கள் கொண்ட எஃகுக் கிளிப்பை மேலிருந்து உள்ளே அழுத்தினால், விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா வெடித்து அடுத்தது தானாகவே அறைக்குள் ஏறும். ஜெர்மனியும் ஜப்பானும் தங்கள் காலாட்படையில் பெரும்பாலோரைக் கையால் போல்ட் இழுக்கும் துப்பாக்கிகளோடு போருக்கு அனுப்பிய காலத்தில், அமெரிக்கா இதைப் பொதுத் துப்பாக்கியாகத் தன் வீரர்களுக்குக் கொடுத்தது. ஸ்பிரிங்ஃபீல்டும் வின்செஸ்டரும் போர்க்காலத்தில் தயாரித்தன. கொரியப் போரை ஒட்டி இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்ஸனும் சேர்ந்துகொண்டன. 1957 வரை ஏறக்குறைய 54 லட்சம் துப்பாக்கிகள் உருவாயின. காரண்ட் தன் காப்புரிமைகளை அரசுக்கே கொடுத்துவிட்டார். அவருக்கு 1 லட்சம் டாலர் வழங்கலாம் என்று நாடாளுமன்றத்தில் வந்த மசோதா நிறைவேறவில்லை. இத்தனை லட்சம் துப்பாக்கிகளின் தந்தைக்கு நாடு செய்த மரியாதை போதாது என்றே நான் நினைக்கிறேன்.

இந்தத் துப்பாக்கியை அரசே குடிமக்களுக்கு விற்கும் ஏற்பாடு 1903-இல் வேர்விட்டது. அந்த ஆண்டில் நாடாளுமன்றம் துப்பாக்கிப் பயிற்சியை ஊக்குவிக்கத் தேசிய வாரியம் ஒன்றை அமைத்தது. போர் வந்தால் படையில் சேரும் இளைஞன் குறிபார்க்கத் தெரிந்தவனாக வரவேண்டும் என்பதே நோக்கம். 1916-இல் அந்த வாரியத்தின் பணிகளை நடத்தப் படைக்குள்ளேயே ஓர் அலுவலகம் உருவானது. கென்னடி வாங்கியது அதன் வழியாகத்தான். 1996-இல் சட்டத்தின் மூலம் அந்தப் பணி படையிடமிருந்து பிரிக்கப்பட்டு, லாப நோக்கமற்ற ஒரு கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சேகரிப்பாளர்கள் எல்லாரும் சி.எம்.பி. என்று சொல்வது அந்தக் கழகம் நடத்தும் குடிமக்கள் குறிசுடும் திட்டத்தைத்தான். அலபாமாவின் ஆனிஸ்டனும், ஒஹாயோவில் ஈரி ஏரிக்கரையிலுள்ள கேம்ப் பெர்ரியும் அதன் இரு மையங்கள். கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவருகின்றன. துப்பாக்கி விற்று வரும் பணம் இளைஞர் பயிற்சிக்கும் போட்டிகளுக்கும் போகிறது.

சி.எம்.பி.யிடம் வாங்க வேண்டுமானால் அமெரிக்கக் குடியுரிமைச் சான்று வேண்டும்; 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; திட்டத்தோடு இணைந்த ஏதாவது ஒரு துப்பாக்கிச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும்; குறிசுடுதலில் பங்கேற்றதற்கு அல்லது பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கு ஒரு சான்று காட்ட வேண்டும். படைப்பணியும் காவல்பணியும் இந்தச் சான்றாக ஏற்கப்படும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அந்தச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. இவற்றோடு கூட்டரசின் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். அதைத் திட்டமே நடத்துகிறது. எல்லாம் சரியாக இருந்தால் பல மாநிலங்களில் துப்பாக்கி நேரே வாங்குபவரின் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். மாநிலச் சட்டம் இடம்தராத இடங்களில் உரிமம் பெற்ற கடைக்கு அனுப்பப்பட்டு, அங்கே மறுபடியும் சோதனை நடந்த பிறகே கைக்கு வரும். கலிஃபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ இருப்பவர் பணத்தைக் கட்டுமுன் தம் மாநில விதிகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தத் துப்பாக்கிகள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் சுவையான பகுதி இருக்கிறது. போருக்குப் பின் அமெரிக்கா நட்பு நாடுகளுக்கு லட்சக்கணக்கான காரண்டுகளைக் கடனாகவோ உதவியாகவோ கொடுத்தது. டென்மார்க், கிரீஸ், துருக்கி, பிலிப்பைன்ஸ், தென் கொரியா என்று அவை உலகெங்கும் பரவின. இத்தாலியில் பெரெட்டா நிறுவனம் உரிமம் பெற்றுத் தானே தயாரித்தது. கடனாகப் போனவை, அந்த நாட்டுப் படைகள் புதிய ஆயுதங்களுக்கு மாறியபின், திரும்பி வந்து சி.எம்.பி.க்கு ஒதுக்கப்பட்டன. டென்மார்க்கிலிருந்து வந்த சிலவற்றில் அந்நாட்டு ஆயுதச் சாலை மாற்றிய புதிய குழல்கள் இருந்தன. அவை குறிசுடுவோரிடம் நல்ல பெயர் பெற்றவை. 2018-இல் பிலிப்பைன்ஸிலிருந்து சுமார் 86,000 துப்பாக்கிகளும் துருக்கியிலிருந்து சுமார் 13,000 துப்பாக்கிகளும் வந்துசேர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் பல பத்தாண்டுகள் கிடந்தவற்றுள் எவ்வளவு துருவேறியிருக்கும், எவ்வளவு தேறும் என்பதைப் பிரித்துப் பார்க்க ஆண்டுக்கணக்கில் உழைப்பு தேவைப்படும் என்பதை அந்த எண்களே சொல்கின்றன.

பிரித்துப் பார்த்த பின் தரம் போடுகிறார்கள். தேய்ந்தும் குழிவிழுந்தும் இருப்பவை ரேக் தரம். அதற்கு மேல் ஃபீல்டு தரம். மரமும் உலோகமும் குழலும் ஓரளவு நன்றாக இருப்பவை சர்வீஸ் தரம். பழைய ரிசீவரில் (குழலையும் இயங்கும் உறுப்புகளையும் தாங்கும் நடு உலோக உடல்) கிரைடீரியன் நிறுவனத்தின் புதிய குழலும் புதிய வால்நட் மரமும் பொருத்தி விற்பவை எக்ஸ்பர்ட் தரம். உறுப்புகள் அனைத்தும் ஒரே காலத்தவை என்று தேர்ந்தவை கரெக்ட் தரத்திலும் கலெக்டர் தரத்திலும் சேரும். அபூர்வமானவை ஏலத்துக்குப் போகும். சுடுவதற்காக வாங்குகிறவரும் அலமாரியில் வைப்பதற்காக வாங்குகிறவரும் ஒரே தரத்தைத் தேடினால் இருவரில் ஒருவர் ஏமாறுவார். புதுக் குழல் போட்ட துப்பாக்கி இலக்கைச் சரியாக அடிக்கும். வரலாற்றுப் பொருளாக அதன் மதிப்பு குறைவு.

குழலின் தேய்மானத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். தோட்டா அறையை விட்டுக் குழலுக்குள் நுழையும் கழுத்துப் பகுதி ஒவ்வொரு வெடிப்பிலும் சூட்டால் அரிக்கப்படுகிறது. குழலின் வாய்ப்பகுதியோ பெரும்பாலும் சுடுவதால் தேய்வதில்லை. வாய்ப்பக்கமிருந்து இரும்புக் கம்பியை விட்டுத் துடைத்துத் துடைத்தே வீரர்கள் அதைத் தேய்த்திருப்பார்கள். இரண்டையும் அளக்கத் தனித்தனி அளவுகோல்கள் உண்டு. நுனி மெலிந்துகொண்டே போகும் எஃகுக் கம்பியை உள்ளே விட்டு, அது எந்தக் கோடு வரை இறங்குகிறது என்று படிக்கிறார்கள். எண் சிறியதாக இருந்தால் தேய்மானம் குறைவு. கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும் குழல்கூட இந்த அளவில் தோற்றுப்போவது உண்டு. துப்பாக்கிச் சந்தைக்குப் போகும் அனுபவசாலிகள் இந்த அளவுகோல்களைச் சட்டைப்பையில் வைத்திருப்பது இதனால்தான். அளக்க அனுமதிக்காத விற்பனையாளரிடம் வாங்காமல் திரும்பிவிடுவதே சரி.

ஆனிஸ்டன் கடைக்கு நேரில் போகிறவருக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. தாங்கியில் வரிசையாக நிற்கும் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ரிசீவரின் பின்பகுதியில் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். அடுத்த தோட்டாவை ஏற்ற முன்னும் பின்னும் நகரும் இயக்கத் தண்டைப் பின்னால் இழுத்து நிறுத்தினால் குழலின் வலப்பக்கத்தில் அது செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் தெரியும். ரிசீவரின் எண் 1943-ஐக் காட்டி, குழல் 1950-களில் செய்யப்பட்டதாக இருந்தால், இடையில் படையின் பணிமனையில் அது பிரித்துக் கட்டப்பட்டது என்று பொருள். இதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. போருக்குப் பின் கிட்டத்தட்ட எல்லாக் காரண்டுகளும் அப்படிப் பிரிக்கப்பட்டு, கைக்குக் கிடைத்த உறுப்புகளோடு திரும்பக் கோக்கப்பட்டன. ஆலையை விட்டு வெளிவந்த அதே உறுப்புகளோடு இன்றும் இருக்கும் காரண்ட் மிக அரிது. அப்படி இருப்பதாக யாராவது சொன்னால் முதலில் நம்பாமல் இருப்பதே பாதுகாப்பு.

சி.எம்.பி.க்கு வெளியே வாங்குவதைப் புரிந்துகொள்ள 1960-களுக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் வெளிநாட்டு உபரித் துப்பாக்கிகள் வெள்ளமாக அமெரிக்காவுக்கு வந்தன. வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் சாமுவேல் கம்மிங்ஸ் நடத்திய இன்டர்ஆர்ம்ஸ் நிறுவனத்தின் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. பத்திரிகையில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்துப் பணத்தோடு அஞ்சலில் அனுப்பினால் துப்பாக்கி வீடு தேடி வரும். 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்டு, பொய்ப் பெயரில், சிகாகோவிலிருந்த கடை ஒன்றிடம் 19.95 டாலர் விலையும் 1.50 டாலர் அஞ்சல் செலவும் அனுப்பித் தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய உபரித் துப்பாக்கி ஒன்றை வரவழைத்தது அந்த வழியில்தான். அதே ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் கென்னடி அதனால் சுடப்பட்டு இறந்தார். 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமம் இல்லாதவர் மாநில எல்லை தாண்டி அஞ்சலில் துப்பாக்கி வாங்குவதை நிறுத்தியது. படைத்துறை உபரி இறக்குமதியையும் அடைத்தது. 1984-இல் பழம்பொருள் என்ற வகையில் அடங்குபவற்றுக்கு மட்டும் கதவு ஓரளவு திறக்கப்பட்டது.

பழம்பொருள் என்ற அந்த வகை சேகரிப்பாளருக்கு மிகவும் பயன்படுவது. 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் துப்பாக்கி அதில் சேரும். கூட்டரசு அலுவலகத்துக்கு 30 டாலர் கட்டி 3 ஆண்டுகளுக்குச் சேகரிப்பாளர் உரிமம் பெற்றுக்கொண்டால், இந்த வகைத் துப்பாக்கிகளை மாநில எல்லை தாண்டியும் தம் பெயருக்கே நேரடியாக வரவழைக்கலாம்; அப்போதும் மாநிலச் சட்டம் குறுக்கே நிற்கக்கூடும். வாங்கியதையும் விற்றதையும் தேதியோடு ஒரு பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும். இந்த உரிமத்தை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. 1898-ஆம் ஆண்டுக்குள் செய்யப்பட்டவை கூட்டரசுச் சட்டப்படி தொல்பொருளாகவே கருதப்படுவதால் அவற்றுக்கு இந்த உரிமம்கூடத் தேவையில்லை. 2003-இல் நேபாளத்தின் பழைய அரண்மனை ஆயுதக்கிடங்கை அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கிக் கொண்டுவந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் பலவும் இப்படித்தான் விற்பனையாகின்றன.

இறக்குமதியான துப்பாக்கியில் இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். 1980-களில் தென் கொரியாவிலிருந்து வந்த காரண்டுகளின் குழலில் ‘புளூ ஸ்கை’ என்ற பொறிப்பைப் பார்க்கலாம். சுடுவதற்கு அந்தப் பொறிப்பால் எந்தத் தடையும் இல்லை. சேகரிப்பு மதிப்பு மட்டும் இறங்கும். அதைத் தேய்த்து அழித்து மறைக்க முயல்பவர்களும் உண்டு என்பதால், குழலில் சமமில்லாத பளபளப்பு தெரிந்தால் விளக்கம் கேட்க வேண்டும். அமெரிக்கா உதவியாகக் கொடுத்த ஆயுதத்தை அதே நாட்டுக்குள் வணிகத்துக்காகத் திரும்பக் கொண்டுவர அரசின் ஒப்புதல் வேண்டும். தென் கொரியா தன்னிடம் மிஞ்சியிருந்த காரண்டுகளையும் கார்பைன் எனப்படும் சிறு ரைஃபிள்களையும் விற்க முன்வந்தபோது ஒபாமா அரசு 2010-இல் மறுத்தது. 2013-இல் அத்தகைய இறக்குமதிகளுக்குப் பொதுவான தடையையே அறிவித்தது. வணிக இறக்குமதியை நம்பிக் காத்திருப்பது எவ்வளவு நிச்சயமற்றது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஏலக் கூடங்களிலும், இணைய ஏலத் தளங்களிலும், வாரக்கடைசித் துப்பாக்கிச் சந்தைகளிலும்தான் போலிகள் அதிகம். சேகரிப்பாளர் அதிகம் பணம் தருவது மரத்தின் இடப்பக்கத்தில் குத்தப்பட்டிருக்கும் ஆய்வாளர் முத்திரைக்கு. எனவே அந்த முத்திரையையே போலியாகச் செய்கிறார்கள். எண்பது ஆண்டுகள் எண்ணெயும் வியர்வையும் உறிஞ்சி, விளிம்புகள் மழுங்கிய மரத்தில், எழுத்துகள் மட்டும் கூர்மையாக நிற்பது இயல்புக்கு மாறானது. முத்திரையின் ஓரத்தில் மர இழை நசுங்கியிருக்கும் விதத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் பழையதா புதியதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். தொலைநோக்கி பொருத்திய எம்1சி வகையிலும் இதே தொல்லை உண்டு. சாதாரணக் காரண்டில் துளையிட்டுத் தொலைநோக்கித் தாங்கியைப் பொருத்தியவை சந்தையில் ஏராளம். அந்த வகையை சி.எம்.பி. கொடுத்த சான்றிதழோ பழைய அரசு விற்பனைச் சீட்டோ இல்லாமல் பெரும் விலை கொடுத்து வாங்கக் கூடாது. வெடிப்பின் வாயுவைக் கொண்டு அடுத்த தோட்டாவை ஏற்றும் அமைப்பு முதல் சுமார் 50,000 துப்பாக்கிகளில் வேறு விதமாக இருந்தது; அந்தப் பழைய அமைப்பு மாறாமல் தப்பியவை இன்னும் அரியவை. அவற்றை நேரில் ஆராய்ந்த நிபுணரின் கருத்து இல்லாமல் தொடவே வேண்டாம்.

பணம் போவதைவிட உயிருக்கு ஆபத்தானவை சில உண்டு. 1950-களிலும் 60-களிலும் படை பல ரிசீவர்களை நடுவில் வெட்டிப் பழைய இரும்பாக விற்றது. சில வணிகர்கள் இரண்டு பாதிகளை வாங்கி ஒட்டவைத்து முழுத் துப்பாக்கியாக விற்றார்கள். ஒரு பாதியின் எண்ணும் மறு பாதியில் உறுப்பின் வடிவமைப்பைக் குறிக்கும் வரைபட எண்ணும் வெவ்வேறு காலத்தவையாக இருப்பது, உட்புறத்தில் அரத்தால் தேய்த்த தடம், உலோக நிறத்தில் குறுக்கே ஓடும் மங்கலான கோடு ஆகியவை அதன் அடையாளங்கள். காரண்டுக்கு முந்தைய ஸ்பிரிங்ஃபீல்டு 1903 வகையைத் தேடுகிறவருக்கு வேறோர் எச்சரிக்கை: ஸ்பிரிங்ஃபீல்டில் செய்தவற்றில் 8,00,000-க்குக் குறைந்த எண்ணும், ராக் ஐலண்டு ஆயுதச் சாலையில் செய்தவற்றில் 2,85,507-க்குக் குறைந்த எண்ணும் கொண்டவற்றைச் சுடப் பயன்படுத்தக் கூடாது. உலையில் எஃகின் சூட்டைத் தொழிலாளிகள் கண்ணால் மதிப்பிட்ட காலத்தில் செய்யப்பட்டவை அவை; சில ரிசீவர்கள் அதிகச் சூட்டால் நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டன. வேட்டைக்காக இன்று விற்கப்படும் வலுமிக்க தோட்டாக்களைக் காரண்டில் போடுவதும் தவறு. குழலில் வாயு அழுத்தம் கூடி இயக்கத் தண்டு வளைந்துவிடும். படையின் பழைய எம்2 தோட்டா அளவுக்குச் செய்தவையே அதற்கு ஏற்றவை.

இந்தியாவில் இருக்கும் வாசகருக்கு இந்த வழிகள் எதுவும் திறந்திருக்கவில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் .303 போன்ற படைத்துறை அளவுகள் குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. 2019 திருத்தம் ஓர் உரிமதாரர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஆனால் மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் ஆலையில், 1962 போருக்குப் பின், பிரிட்டிஷ் படையின் பழைய லீ-என்ஃபீல்டு வடிவத்தை 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிச் செய்த 2ஏ1 துப்பாக்கிகள் உபரியாக அமெரிக்கச் சந்தைக்குப் போய், அங்குள்ள சேகரிப்பாளர்களிடம் தனி இடம் பிடித்திருக்கின்றன.

காரண்டின் வரத்து ஏன் முடிவை நோக்கிப் போகிறது என்பதற்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. அதற்கு அடுத்து 1957-இல் வந்த எம்14 துப்பாக்கியைத் தொடர்ந்து சுடும் வகையிலும் இயக்கலாம். அப்படிச் செய்யப்பட்ட ரிசீவரை அமெரிக்கச் சட்டம் எந்திரத் துப்பாக்கியாகவே என்றென்றும் கருதுகிறது. 1986 மே மாதத்துக்குப் பின் அத்தகையவற்றைப் புதிதாகக் குடிமக்கள் பெயரில் பதிய முடியாது. ஆகவே படை உதறிவிட்ட எம்14-கள் பெரும் எண்ணிக்கையில் அழிக்கப்பட்டன. எம்16 வரிசைக்கும் இதே நிலைதான். அமெரிக்கப் படையின் பொதுத் துப்பாக்கிகளில், மாற்றம் எதுவும் செய்யாமல் குடிமகனிடம் ஒப்படைக்கக்கூடிய கடைசித் துப்பாக்கி எம்1 காரண்ட். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 என்ற அளவில் எம்1911 கைத்துப்பாக்கிகளை சி.எம்.பி.க்குத் தர வழிவகுத்தது. 2018-இல் அவற்றின் விற்பனை தொடங்கியது. ரைஃபிள்களில் அப்படி அடுத்த வரத்து எதுவும் இல்லை. பழைய ரிசீவரோடு புதுக் குழலும் புது மரமும் சேர்த்து விற்கும் எக்ஸ்பர்ட் தரம் உருவானதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். போட்டியில் சுட விரும்புகிறவர் தயங்காமல் அதையே வாங்கலாம். பழைய உறுப்புகளோடு கூடிய துப்பாக்கியை விரும்புகிறவர் ஆனிஸ்டனுக்கோ கேம்ப் பெர்ரிக்கோ நேரில் போய்த் தேர்ந்தெடுக்கட்டும். துப்பாக்கியோடு வரும் விற்பனைச் சீட்டையும் சான்றிதழையும் வரிசை எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து வாங்கட்டும்.